முடியாத கதையிலிருந்து ஒரு பெயர்

குற்றாலத்துக் குழல்வாய்மொழியம்மை முன்னின்று காக்க.

ஆனி 10, செவ்வாய்

விடியலில் சாரல். அருவியில் நீராடி, வழிபட்டு, தென்காசி திரும்பினேன். வெள்ளியன்று பேத்திக்குப் பெயர்சூட்டல். வாங்க வேண்டியவை: வசம்பு, கற்கண்டு, தொட்டில் கயிறு. குடிவழக்கப்படி தந்தையைப் பெற்றவள் பெயர். ஆகவே என் மனைவி பெயர், உலகம்மை. செவியில் மும்முறை ஓதுவது என் கடமை.

மருமகள் தயங்கி வந்தாள். "மாமா, காந்தள்னு வைக்கலாமா?" கைபேசியில் வாரந்தோறும் வரும் தொடர்கதையின் நாயகியாம். மலையூர்களுக்குத் தபால் சுமப்பவள். கற்பனைப் பெண்ணின் பெயரா?

வாசுதேவநல்லூர் மைத்துனன் சிரித்தான். "அத்தான், அது கண்வலிக்கிழங்குல்லா! தின்னா ஆளு காலி."

முருகன் சூடும் மலர் என்றேன், சற்று உரக்கவே.

ஆனி 11, புதன்

அடுக்களையில் மனைவி: "போன பிள்ள வயித்துலயே போச்சு. இந்தத் தடவ மருமக அஞ்சு மாசம் படுத்தே கெடந்தா. அந்தக் கதையில வாற காந்தள்தான் தொணைக்கு இருந்தா. எம் பேரு எதுக்கு? மாமியா பேர அவ வாயால சொல்ல மாட்டா. அப்புறம் பிள்ளைய எப்படி ஏசுவா?"

மருமகளிடம் கைபேசியை வாங்கிப் படித்தேன். ஒற்றுப்பிழை மிகுதி. எனினும் நிறுத்த இயலவில்லை. கடைசியாக வந்த பகுதியில், தபால் பையைத் தலைமேல் ஏந்தி, பெருகும் ஆற்றின் நடுவே நிற்கிறாள். அடுத்தது வெள்ளி மாலை.

துயருற்று மாண்டவள் பெயரை மகவுக்கு இடுவதில்லை எங்கள் குடியில்.

"அவ செத்துப்போனா?" என்றேன் மருமகளிடம்.

"எனக்கும் அதான் பயம் மாமா."

இரு பெயரையும் அம்மை சந்நிதியில் வைத்து வணங்கினேன். தெளிவில்லை.

ஆனி 13, வெள்ளி

சாரல் ஓய்ந்து இளவெயில். சுற்றத்தார் நிறைந்தனர். உலகம்மை என்றே ஓத எண்ணிக் குனிந்தேன். மருமகள் தொட்டில் கயிற்றை இறுகப் பற்றியிருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

காந்தள். மும்முறை.

அவள் அழுதாள். மனைவி தம்பியைப் பார்த்து: "ஏலே, இனி கிழங்கு கிழங்குன்னு சொன்ன, சோறு கெடையாது."

"சரிக்கா, பூன்னே சொல்லுதேன். எலையப் போடு."

மாலை. கைபேசி ஒலித்தது. புதிய பகுதி. "நீங்க மொதல்ல பாருங்க மாமா," என்று நீட்டினாள்.

வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். "நம்ம காந்தளுக்குப் பசிக்குது. போம்மா."

இவ்வில்லம் தழைக்க. இதை என்றேனும் வாசிப்போர் இல்லமும் தழைக்க. ஆற்றின் நடுவே நிற்பவளும் கரை சேர்க.