வாசல் பலகையும் ஒரு டம்ளர் பாலும்

உன் வீட்டு மாடியில் கருவாடு வறுபடும் வாசம் தெருமுனை வரை வந்தது. பசியோடு வந்து கேட்டில் கை வைத்தால், கீழ்வீட்டுக்கு வாடகைப் பலகை தொங்குகிறது: ‘சைவக் குடும்பத்துக்கு மட்டும்.’ அதற்கு என்ன அர்த்தம் என்று ஓசூரில் வீடு தேடிய நமக்குத் தெரியாதா? நீ கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

“புரோக்கர்தான் எழுதிக் குடுத்தாரு பெரிப்பா. அப்பதான் நல்ல ஆளுங்களா வருவாங்களாம்” என்றான் உன் மகன்.

“நல்ல ஆளுங்கன்னா யாருடா?”

அவன் செல்போனைப் பார்த்தான். பாவம், நீ அவனிடம் எதையும் சொன்னதில்லை.

கம்பெனியில் சேர்ந்த புதிதில் நாம் இருவரும் தெருத்தெருவாக அலைந்தோம். நான் காவேரிப்பட்டினத்தில் இன்ன தெரு என்றால் தலையாட்டுவார்கள். நீ சாமல்பட்டி என்றால், “ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?” என்று தோண்டுவார்கள். வாய்திறந்து சாதியைக் கேட்கமாட்டார்களாம், அவ்வளவு நாகரிகம்!

ஒரே ஒரு அம்மாள் எதையும் கேட்காமல் சாவி கொடுத்தாள். பால் காய்ச்சி, முதல் டம்ளரை நீதான் கொண்டுபோய்க் கொடுத்தாய். குடித்துவிட்டு “நல்லா இருங்கப்பா” என்றாள். சாயங்காலத்துக்குள் யாரோ அவள் காதில் ஓதிவிட்டார்கள். நம் கண்ணெதிரே குழாயடியில் நின்று வாய் கொப்பளித்தாள். காலையில் குடித்த பாலுக்கு! கொப்பளித்து முடித்து என்னிடம், “நீ வேணா இருந்துக்கப்பா, அந்தப் பையன் வேணாம்” என்றாள். தூ! அந்தக் கொப்பளிக்கிற சத்தம் இன்றைக்கும் எனக்கு அருவருப்பு. பாயைச் சுருட்டிக்கொண்டு இரண்டு பேரும் வெளியே வந்தோம்.

“ஒரு நாள் வீடு கட்டுவேன்டா. வர்றவங்கள ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்” என்றாய்.

கட்டினாய், கேட்கவும் செய்தாய். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, யார் வந்தாலும் உனக்கு ஒரே கேள்விதான்: “பால் காய்ச்சறப்ப எனக்கு ஒரு டம்ளர் குடுப்பீங்களா?” கொடுத்ததைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் மாடி ஏறுவாய்.

இவ்வளவையும் வாசலில் நின்றபடியே உன் மகனிடம் சொன்னேன். மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உன் மனைவிதான், “அந்தக் கருமத்தக் கழட்டுங்கண்ணா, நான் சொன்னா கேக்கறானா?” என்றாள்.

கழற்றி என் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை யாரோ வீடு பார்க்க வருகிறார்களாம். உன் கேள்வியை உன் மகன் கேட்பானா, தெரியாது. நானும் போய் நிற்கப்போகிறேன். அவன் கேட்காவிட்டால் நான் கேட்பேன். குடிக்க வேண்டியது அவன்.