புகைபோக்கியில் இருந்த சிவப்பு ஷூ

அன்புள்ள அக்கா,

இருபது வருஷமாக எழுதாதவன் எழுதுகிறானே என்று பதறாதே. ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

நம் நார்தாம்ப்டன் வீட்டு முன்னறைக் கணப்பை நீ போன பிறகு அப்பா செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அதைத் திரும்ப எரியவிடலாமென்று கொத்தனார் பெல்லமியை வரவழைத்தேன். செங்கலைப் பிரித்துப் புகைபோக்கிக்குள் கைவிட்டவர், "என்னங்க, சின்னப் பொண்ணு ஷூ இருக்கு!" என்றார்.

சிவப்பு ஷூ. ஐந்து வயதில் நீ போட்டுத் தேய்த்தது.

"வீட்டு ஆளுங்களுக்குக் கெட்டது எதுவும் அண்டக் கூடாதுன்னு வைக்கிறதுங்க. வெளிய எடுத்தா ஆகாது" என்றார் பெல்லமி.

ஷூவைச் சுற்றியிருந்த செய்தித்தாளில், நீ வீட்டைவிட்டுப் போனதற்கு மறுநாள் தேதி. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். எனக்கு எட்டு வயது, அவ்வளவு உயரம் கை எட்டாது. மிச்சம் அப்பாதான். ஆனால் அதே வாரம்தானே அவர், "இனி அவ பேரை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது!" என்று கத்தினார்?

எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா?

"திரும்ப உள்ளயே வச்சிரட்டுங்களா?" என்று பெல்லமி தினமும் கேட்கிறார். ஷூவுக்குச் சொந்தக்காரி வந்து சொல்லட்டும் என்று வேலையை நிறுத்தியிருக்கிறேன். முன்னறையில் குளிர் தாங்கவில்லை. சீக்கிரம் வா.

உன் தம்பி