அறிஞ்சுதான் நின்னேன்

அன்புள்ள மோளு ஹஸீபாவுக்கு, குளச்சலில இருந்து வாப்பா எழுதுகது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுக்க கிருபையால நானும் உம்மாவும் தேகத்துக்குக் கொறையில்லாம இருக்கோம். மழ தொடங்கினதில இருந்து உம்மாவுக்கு முட்டுவேதன கொஞ்சம் கூடியிருக்கு, எண்ண தடவிக்கிட்டுக் கெடக்கா, ஆசுபத்திரிக்குப் போவோம்னா வரமாட்டேங்கா. நீ அங்க சிங்கப்பூரில நேரத்துக்குத் தின்னுகியா, உறங்குகியான்னுதான் எங்களுக்கு எப்பமும் நெனப்பு. உனக்க மாமா மகன் அஹ்சனுக்கு அங்க கப்பல் பட்டறையில வேல கெடச்சிருக்கு, இந்த வாரம் திருவனந்தபுரத்தில பிளேன் ஏறுகான், அவன் கையில உம்மா வறுத்த நேந்திரங்கா உப்பேரியும் இந்தக் கடுதாசியும் குடுத்து விடுகேன். போனில சொல்லியிருக்கலாமேன்னு நெனைப்பே. போன எடுத்தா உம்மா பக்கத்தில வந்து நிப்பா, அவ கேக்க இதச் சொல்ல முடியாது மோளே, வாசிச்சு வரும்போ ஏன்னு உனக்கே வெளங்கும்.

பாதி உனக்குத் தெரிஞ்ச காரியம்தான், ஆனா இஞ்ச நடந்தத நீ காணல்லியே, அதனால மொதல்ல இருந்து எழுதுகேன். நோம்புக்கு முன்னால உனக்க கம்பெனிக்காரங்க வந்தாங்க. ஆட்டுக்க சதையில இருந்து ஒரு நுள்ளு எடுத்து, பெரிய இரும்பு அண்டாவில வச்சு இறச்சியா வளத்தெடுக்கப் போறோம், பின்ன அதுக்காக ஆட்ட அறுக்கவே வேண்டாம், ஆனா அந்த மொத நுள்ளு பிஸ்மி சொல்லி அறுத்த ஆட்டில இருந்து எடுத்தா நம்ம ஆளுகளும் தயங்காமத் தின்னுவாங்க, அதுக்கு வாப்பாவுக்க கைதான் வேணும்னு நீதான் போனில சொன்னே. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம் சொல்லி முடியாது. இத்தன வருசம் இறச்சி வெட்டின கைய எனக்க மோளுக்க படிப்பு தேடி வருகுதேன்னு இருந்துது. மார்த்தாண்டம் சந்தைக்கு நானே போய் நல்ல கிடா ஒண்ணு பாத்துக் கொண்டு வந்தேன். பக்கத்துக் கோழிக்கடை பிபின் நாற்காலி கொண்டு போட்டான். பெங்களூர்ல இருந்து வந்த ஒரு டாக்டரு ஐஸ் பெட்டியும் கொண்டு நின்னாரு, ஒரு பொம்பளப் பிள்ள கேமராவ வச்சு எடுத்துக்கிட்டே இருந்துது. கம்பெனிச் சுவரில மாட்டத்தான் எடுக்காங்கன்னு நான் நெனச்சேன். கிடாவுக்குத் தண்ணி காட்டினேன், அது கண்ணில படாம கத்திய முதுகுக்குப் பின்னால மறச்சு வச்சேன், கிப்லாவுக்குத் திருப்பிப் பிஸ்மி சொல்லி அறுத்தேன். உம்மா பிரியாணி வச்சிருந்தா, எல்லாரும் வயிறார உண்டுட்டு சந்தோசமாத்தான் போனாங்க.

நோம்புப் பெருநாள் கழிஞ்சு ஒரு நாள் கட தொறந்துக்கிட்டு இருக்கேன், பிபின் வந்து போன எனக்க கையில தந்தான். அன்னைக்கு எடுத்த படம் கம்பெனி விளம்பரமா அதில ஓடுகு. நான் தண்ணி காட்டினது அந்தப் படத்தில இல்ல. கத்திய மறச்சு வச்சதும் இல்ல. எனக்க கை, ரத்தம், கிடாவுக்க காலு துடிக்கிறது, அதுக்கு ஒரு கொட்டுச் சத்தம். அது முடிஞ்ச உடனே வெள்ளக் கோட்டும் போட்டுக்கிட்டு உனக்க லேபில கண்ணாடி முறிக்குள்ள நீ. நீ இங்கிலீசில பேசினத கீழ தமிழில எழுதிக் காட்டுகான், "என் வாப்பாவோடு இது முடியட்டும்." காக்கா, இது ஊரு முழுக்கப் போயாச்சுன்னு பிபின் தலயக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான். அதுக்கு அடியில யாரெல்லாமோ நம்மளப் பத்தி என்னெல்லாமோ எழுதி வச்சிருக்காங்க, நீ அதொண்ணும் வாசிக்காத.

ரெண்டு நாளு கழிஞ்சு இறச்சி வியாபாரிகள் சங்கத் தலைவர் பீர் காக்கா நாலஞ்சு பேரக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. அவரு மேல எனக்குக் கோவமில்ல, எனக்காகக் கொதிச்சுத்தான் வந்தாரு. உன்ன ஏமாத்திப் படம் பிடிச்சிருக்கான், போலீசுக்குக் குடுக்க பெட்டிசன் எழுதியாச்சு, நீ கையெழுத்து போட்டா மட்டும் போதும்னாரு. வாங்கி வாசிச்சேன். கம்பெனிப் பேருக்குக் கீழ, அவர்களை வரவழைத்த மகள் ஹஸீபான்னு எழுதியிருக்கு. அப்படி எழுதினதுக்குச் சங்கக்காரங்களச் சொல்லிக் குத்தமில்ல, வரச் சொன்னது நீதானே. கையெழுத்து போட்டா எனக்க மோளு போலீசு கேசில பிரதி, குத்தவாளி. போடல்லன்னா கூடத் தொழில் செய்யிறவங்க சோத்தில நான் மண்ணள்ளிப் போட்டவன். உம்மா கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தா. நான் பேப்பர மடக்கித் திருப்பிக் குடுத்துட்டு, "என்ன யாரும் ஏமாத்தல்ல காக்கா, அறிஞ்சுதான் நின்னேன்"னு சொல்லிட்டேன்.  பெறவு அவரு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "அப்பம் எங்க கையெல்லாம் அழுக்கு, உனக்க மோளுக்க கை மட்டும் சுத்தம், அப்படியா மைதீனு?"  போட்டு வச்ச சாயாவ ஒருத்தரும் தொடாம எறங்கிப் போனாங்க.

அறிஞ்சுதான் நின்னேன்னு சொன்ன அந்த ஒத்தச் சொல்லுக்குள்ளதான் இப்பம் எனக்க இருப்பு. கடைய அடச்சா, கம்பெனிக்காரன் இவன விலைக்கு வாங்கிட்டான்ம்பாங்க. தொறந்து வச்சா, முடியட்டும்னு சம்மதிச்சவன் பின்ன எதுக்கு வெட்டுகான்னு கேக்காங்க. எப்பமும் வாங்குக ஆளுக கூட பிபினுக்க கடையில நின்னு கோழி வாங்கிட்டு, இப்பம் ஆட்டிறச்சி டாக்டரு வேண்டாம்னுட்டாரு காக்கான்னு சும்மா ஒரு காரணம் சொல்லிட்டுப் போறாங்க. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நம்ம தெருவுக்க குர்பானி ஆடு மாடெல்லாம் நான்தானே அறுக்கது, இந்தத் தடவ தேங்காப்பட்டணத்தில இருந்து ஒரு ஆளக் கொண்டு வந்தாங்க. தொழுகை கழிஞ்சு வந்து, போட்ட வெள்ளச் சட்டையோட உள்முறியில இருந்தேன், தெருவில நடக்கிற சத்தமெல்லாம் கேட்டுது. நமக்கு உள்ள பங்கு இறச்சிய மட்டும் மறக்காம வீட்டில கொண்டு தந்தாங்க. தராம இருந்திருந்தா இத்தன வேதன இருந்திருக்காது.

உம்மாவும் நான் அறிஞ்சுதான் நின்னேன்னு நம்பிக்கிட்டு இருக்கா. மோளுக்குப் பேரு கெடைக்கணும்னு இத்தன வருசத் தொழில இப்படி நாறடிச்சிட்டீங்களேன்னு ஒரு நாளு கேட்டா, அதுக்குப் பெறவு அதப் பத்திப் பேச்சில்ல, சோறு வெளம்பி வச்சிட்டு அடுக்களைக்குப் போயிருவா. அவகிட்ட உள்ளதச் சொல்லத்தான் எனக்கு ஆச. சொன்னா அவளுக்கு மனசில நிக்காது, மாமா வீட்டுக்குப் போவும், அங்க இருந்து பீர் காக்காவுக்குப் போவும், பேப்பரு திரும்பவும் வரும். எனக்க வீட்டிலயே நான் வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன்.

வேலைய விட்டுட்டு வந்து, வாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஜமாஅத்தில சொல்லப் போறேன்னு நீ உம்மாகிட்டச் சொன்னியாம். அவ அத, நீ எனக்காகப் பொய் சொல்ல வருகேன்னு எடுத்துக்கிட்டா. வராண்டாம் மோளே. வந்து சொன்னா வழக்கு உனக்க தலையில, நானும் ஊருக்கு முன்னால பொய்யன். வேல போனா அந்த நாட்டில இருக்கவும் விடமாட்டாங்கன்னு நீதானே சொல்லியிருக்கே. படத்த நெட்டில இருந்து எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதியிருக்கேன்னும் சொன்னே, எடுத்தாலும் இஞ்ச உள்ள போனில இருந்தெல்லாம் போவுமா. இதில இருந்து வெளிய வர ஒரு வழி இருந்தா நானே வந்திருப்பேன். இல்ல, நான் எல்லா பக்கமும் பாத்துட்டேன்.

அல்லாஹ் உனக்கு நல்ல ஆயுசும் மனசுக்கு சமாதானமும் தருவானாக. சுபுஹு தொழுகைய விட்டுராத. அஹ்சனுக்கு அங்க ஒண்ணும் தெரியாது, லீவு நாளில போய் ஒரு எட்டு பாத்துக்க. உம்மா போன் பண்ணினா சமையல் காரியம், மழக் காரியம் மட்டும் பேசு, வேற பேச்சில இறங்காத. இன்னும் ஒண்ணு உண்டு. படத்தில நீ சொன்ன அந்த வாக்கு உனக்க மனசில இருந்து வந்ததா, கம்பெனிக்காரங்க எழுதித் தந்து சொன்னதா, அத எனக்க ரத்தக் கையோட சேத்து ஒட்டுவாங்கன்னு உனக்கு முன்னமே தெரியுமா, இதொண்ணும் நான் உங்கிட்டக் கேக்கல்ல. நீயும் எனக்குச் சொல்லாண்டாம். தெரியாதுன்னு சொன்னா நம்பிருவேன், தெரியும்னு சொன்னாலும் நீ எனக்க மோளுதான். ரெண்டில எதானாலும் வெளுப்பாங்காலம் எழும்பிப் போய் நான் கத்திய எடுக்கணும், எடுக்கும்போ கை நடுங்கக் கூடாது.

துஆவுடன்,
உனக்க வாப்பா
மைதீன் கனி