வெள்ளைப் பெட்டிக்கு ஞாபகம் இருக்கிறது

2025 ஜனவரி 7, செவ்வாய்

கிளப்பில் இன்று செல்வரட்ணம் அண்ணை அறிவித்தார். அவர்தான் எங்கள் முதியோர் கிளப்பின் தலைவர். பெப்ரவரி 11ஆம் திகதி விட்பி நகரத் தமிழ் முதியோர் இங்கே வருகிறார்கள், ரீவியில் பந்து உருட்டுகிற போட்டிக்கு. எங்கள் பக்கம் நாலு பேர். எந்த வீடியோ கேம் பெட்டியில் உருட்டுவது என்று மூன்று கிழமையில், 28ஆம் திகதி, கைதூக்கி முடிவெடுக்க வேண்டுமாம்.

கிளப் அலுமாரியில் இரண்டு பெட்டி இருக்கின்றன. ஒன்று என் வெள்ளைப் பெட்டி, வீ என்று பெயர். பேரப்பிள்ளைகளுக்கு அலுத்துப்போக, நான் கிளப்புக்குக் கொடுத்தது. மற்றது கிளப்பில் என்னோடு இருக்கிற பேபியின் கறுப்புப் பெட்டி, எக்ஸ்பொக்ஸ். 2011இல் தன் மகன் வினோதனைக் கொண்டு சுமப்பித்து வந்து நடுத்தட்டில் வைத்தாள். என் பெட்டி அடித்தட்டுக்குப் போயிற்று. நிலம் துடைக்கிற துணிக்குப் பக்கத்தில். மறக்கவில்லை.

"வெள்ளை பழசாப் போச்சு, கிளடிஸ் அக்கா. மியூசியத்துக்குக் குடுங்கோ," என்றாள் பேபி.

"கறுப்பு என்ன நேற்றோ பிறந்தது? அதுக்கும் பதினாலு வயசு. மீசை முளைச்சிட்டுது."

செல்வரட்ணம் அண்ணை சிரிப்பை இருமலாக்கினார்.

ஜனவரி 8, புதன்

பேபியோடு என்ன கோபம் என்று ஜெசிகா கேட்டாள். மகள் நிரோஷினியின் மூத்தவள், யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். சொல்லி முடிக்க ரீ ஆறிப்போயிற்று.

2009 டிசம்பர் 15, செவ்வாய். கிளப்பின் இறுதிப் போட்டி, வெள்ளைப் பெட்டியில். நான் 189, பேபி 187. அவள் நீலச் சேலை, மஞ்சள் கரை. அந்த ஆண்டு அலுமாரிக்குப் பூட்டு இல்லாதபடியால் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. போட்டிக்கு முந்தின ஒரு கிழமை, ஏழு நாளும், ஒருவரும் பழகக் கூடாது என்பது சட்டம். கப்பை என் கையில் தந்த அந்த நேரம் பார்த்து, சபைக்கு முன்னால் சொன்னாள்: "வீட்டில வைச்சுப் பழகினவ வெல்லாமல் என்ன செய்வா?"

நான் நெஞ்சில் கை வைத்து, மடு மாதாவாணை தொடவில்லை என்றேன். சபை அடங்கிற்று. பதினைந்து வருடம். என்னைக் கள்ளி ஆக்கின வாய் அது.

நான் தொடவே இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

இன்று இரண்டு பெட்டியையும் ரீவியில் பூட்டிப் பார்த்தோம். பேபி வீட்டுப் பொங்கலும் வந்தது. பொங்கலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சொல்லவும் இல்லை.

நியாயமாக எழுத வேண்டும் என்றால் எழுதுகிறேன். கறுப்பில் படம் வடிவு. பந்து போகிற வழுக்குப் பலகை, சனம் கை தட்டுகிற சத்தம் எல்லாம் உண்மை போல. கையில் ஒன்றும் பிடிக்கத் தேவையில்லை. ரீவிக்குக் கீழே ஒரு நீட்டுக் கண் இருக்கிறது, அது ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் குணம் இருக்கிறதே! தள்ளிப் போ என்கிறது, போனால் கிட்ட வா என்கிறது. என்ர மாமியார் செத்து முப்பது வருசம், திரும்பி வந்திட்டா எண்டு நினைச்சன்.

நான் நின்றபோது படத்தில் என் கால் இரண்டும் பின்னிக்கொண்டு முறுக்கு மாதிரி நின்றன.

"அம்மம்மா, அதுக்கு ரெண்டு கால் தெரியோணும்," என்றாள் ஜெசிகா. என்னைக் காரில் கொண்டுவந்தவள் அவள்தான்.

"எனக்கு ரெண்டு கால்தான். சேலைக்குள்ள வைச்சிருக்கிறன்."

பேபி லெகின்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எழுபத்து நாலு வயதில்.

வெள்ளையில் படம் சின்னப்பிள்ளை கீறினது போலத்தான். பந்து உருட்டும்போது மனிதருக்குக் கால்கூட இல்லை, உருண்டைத் தலையும் ஒரு மரக்குற்றி உடம்பும். ஆனால் றிமோட்டைக் கையில் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தபடி வீசினால் போதும். நிற்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்காது. போன வருடம் முழங்கால் ஒப்பரேஷன் செய்த எனக்கு அது பெரிய காரியம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க ஏலாது.

கறுப்பு வென்றால் விட்பிக்காரருக்கு நான் ரீ ஊத்திக் கொடுக்க வேண்டியதுதான்.

ஜனவரி 15, புதன்

யார் எந்தப் பக்கம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்: வெள்ளைக்கு ஐந்து கை, கறுப்புக்கு ஐந்து கை. செல்வரட்ணம் அண்ணைக்கு மட்டும் எப்பவும் காற்றடிக்கிற பக்கம்.

ஜனவரி 18, சனி

பெட்டியைத் துடைத்துச் சரிபார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புது ரீவியில் அந்த மூன்று நிற வயருக்கு ஓட்டையே இல்லை. பேஸ்மென்றில் கிடந்த பழைய ரீவியை ஜெசிகா தேடி எடுத்தாள்.

எல்லாரும் உள்ளே இருக்கிறோம். அந்தக் காலத்தில் கிளப்பில் ஒவ்வொருவருக்கும் அவரவர் முகம் போல ஒரு பொம்மைத் தலை பெட்டிக்குள் செய்து விட்டிருந்தோம். என்ர அவர், அருள்நாயகம், கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்து திரிகிறார். அவர் போய் ஒன்பது வருடம். அவரோடு சேர்த்து ஐந்து பேர் இப்போது பெட்டிக்குள் மட்டும்தான். பேபியும் திரிகிறாள். அவளுக்கு மூக்குச் செய்தது நான். கொஞ்சம் பெரிதாகத்தான் போயிற்று.

அப்போதுதான் ஜெசிகா கத்தினாள். "அம்மம்மா, திஸ் இஸ் சோ கூல்! இது டயறி மாதிரி. எந்த நாள் எவ்வளவு நேரம் விளையாடினது எண்டு எல்லாம் வைச்சிருக்கு." கலண்டரை 2009க்குத் திருப்பினாள். "டிசம்பர் 12, சனிக்கிழமை. ரெண்டு மணித்தியாலம் நாப்பத்தொரு நிமிசம். போட்டிக் கிழமையெல்லோ? ஆர் இது?"

"உன்ர அம்மப்பாவா இருக்கும்," என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசையில் இருக்க முடியவில்லை. எல்லாரும் அப்பம் வாங்க எழும்ப, நான் நன்மை எடுக்கப் போகவில்லை. நிரோஷினி முழங்கால் நோ என்று நினைத்துக்கொண்டாள்.

சரி. எழுதுகிறேன். நான்தான்.

ஞாபகம் இல்லாமல் போன விஷயம் இல்லை. எனக்கு எதுதான் மறந்தது? அன்று வெளியே ஈரப் பனி. அடுப்பில் கணவாய்க் கறி, அது அடிப்பிடித்தும் போயிற்று. அவர் கதிரையில் கடலை கொறித்தபடி, "கையை வலம் திருப்பாதையப்பா, நேர விடு," என்று சொல்லித் தந்தார். இடையில் போன் அடித்தது, அவரே எழும்பிப் போய் எடுத்தார். நான் நிறுத்தவில்லை.

எட்டாம் திகதி இந்தக் கொப்பியில் எழுதினதும் பொய். மாதாவையும் இழுத்து, கடைசியில் அந்த மனுசன்ர தலையிலயும் போட்டிட்டன்.

ஜனவரி 21, செவ்வாய்

பேபி பக்கத்தில் வந்து இருந்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

"வெள்ளைப் பெட்டிக்கு நாள், நேரம் எல்லாம் ஞாபகம் இருக்காம், அக்கா. வினோதன் சொன்னவன். அடுத்த கிழமை வோட்டுக்கு முதல் ஒருக்காத் திறந்து பாப்பமே?"

"பாருமன். எனக்கென்ன?" என்றேன். ரீயை வைத்துவிட்டுக் கோட்டைத் தேடினேன்.

ஜனவரி 24, வெள்ளி

"அந்த ஒரு நாளை மட்டும் அழிக்கலாமோ பிள்ளை?"

"ஏலாது அம்மம்மா. அழிச்சா முழுக்கத்தான். ஃபோர்மற் பண்ணோணும்."

"அப்ப தலையள்?"

"அதுவும் போகும்."

என்னை அவள் பார்த்த பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தது. அழிக்கிற இடத்தைத் திறந்து, றிமோட்டை என் கையில் தந்தாள்.

அழித்தால் என் ஆணை தப்பும். அழிக்காமல் கறுப்புக்குக் கை தூக்கினாலும் தப்பும், பெட்டியைத் திறக்கத் தேவை வராது. ரீ ஊத்திக்கொண்டு இருக்கலாம். வெள்ளை வேண்டும் என்றால் மானம் போகும்.

திரும்ப அந்தத் தலைகள் திரிகிற இடத்துக்குப் போகச் சொன்னேன். அவர் நடந்துகொண்டிருந்தார். பின்னால் பேபி, அந்த மூக்கோடு.

"வயரைக் கழட்டு பிள்ளை," என்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

பேபி வாய் திறக்க முதல் நான் திறந்தேன். எழும்பி நின்றேன், அந்த ஐந்து நிமிடத்தையும் இதற்கே செலவழித்தேன்.

"2009 டிசம்பர் 12, சனிக்கிழமை. ரெண்டு மணித்தியாலம் நாப்பத்தொரு நிமிசம். பழகினது நான். சத்தியம் பண்ணினது பொய். பெட்டி சொல்ல முதல் நான் சொல்லிப்போட்டன்."

பேபி சிரித்தாள், இந்த முறை வேறு சிரிப்பு, வயிறு குலுங்க.

"அக்கா, எனக்கு அண்டைக்கே தெரியும். நான்தானே போன் எடுத்தனான். அருள்நாயகம் அண்ணை சொன்னவர், 'அவ இப்ப வரமாட்டா தங்கச்சி, பந்து உருட்டுறா' எண்டு."

"தெரிஞ்சுகொண்டோ பதினைஞ்சு வருசம் பேசாமல் இருந்தனீர்?"

"நீங்கள் மாதாவைக் கொண்டுவந்து நடுவில விட்டிட்டீங்கள். நான் பிள்ளையாரின்ர ஆள். மாதாவோட நான் எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?"

அறையே சிரித்தது. அவள் விடவில்லை.

"கறுப்பை ஏன் வாங்கினனான் எண்டு நினைக்கிறியள்? கண் வைச்ச மெஷின் வந்திருக்கெண்டு வினோதன் சொன்னவன். உங்களைக் காவல் காக்கத்தான்."

செல்வரட்ணம் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தூக்கச் சொன்னார். வெள்ளைக்கு எட்டு. எட்டாவது கை பேபியுடையது.

"அந்தக் கப்பை மட்டும் கொண்டு வாங்கோ," என்றாள்.

பெப்ரவரி 4, செவ்வாய்

கப்பைக் கொடுத்தேன். தூசி துடைக்கவில்லையாம், எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். குறித்து வைக்கிறேன்.

பெப்ரவரி 8, சனி

இங்கே யூனியன்வில்லில் நல்ல பனி. பெட்டி எங்கள் பேஸ்மென்றில்தான் இருக்கிறது. பேபியை வினோதன் கொண்டுவந்து விட்டான். வடை கொண்டுவந்தாள். தன் மூக்கைத் திருத்தச் சொல்லி ஜெசிகாவோடு அரை மணித்தியாலம் சண்டை. நான் கணவாய் வைத்தேன், அடிப்பிடிக்கவில்லை.

மூன்று மணித்தியாலம் ஐந்து நிமிடம். ஜெசிகா பெட்டியின் கலண்டரில் பார்த்துச் சொன்னாள்.

பெப்ரவரி 11, செவ்வாய்

விட்பிக்காரர் இரண்டு வான் வண்டியில் வந்தார்கள். நான் கதிரையில் இருந்தபடி 194. பேபி 196. இந்த இரண்டு புள்ளியும் எனக்கு மறக்காது.

வென்றோம். ரீ குடிக்கும்போது அவர்களுடைய தலைவர், தொப்பி போட்ட மனுசன், கேட்டார். "இந்தக் கிழமை ஒருத்தரும் பழகேல்லைத்தானே? அதெல்லோ சட்டம்."

நான் வாயைத் திறக்க முதல் பேபி நெஞ்சில் கை வைத்தாள். "பிள்ளையாராணை, தொடவே இல்லை."

"வெள்ளைப் பெட்டியில நாள், நேரம் எல்லாம் இருக்குமாம். ஒருக்காப் பாக்கலாமோ?" என்றார் அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜெசிகா வயரைக் கழற்றிச் சுருட்டி முடித்திருந்தாள்.