சேவியர் மாற்றி மாட்டிய த்ராட்டில்

செவ்வாய், நாயுடுபுரம்.

பூண்டி மலைப்பாதை ஏற்றத்தில், காற்றாலேயே என்ஜின் குளிரும் என் பழைய ஏர்கூல்டு கார் திணறி நின்று, பின்னால் உருண்டது. பக்கத்தில் நிறைமாத மனைவி மேரி. கல்லில் முட்டி நின்றதால் பிழைத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் என்ஜினைத் திறந்தேன். என்ஜினுக்குள் காற்று விடும் த்ராட்டில் பாடி, மாட்டச் சொல்லி நான் வாங்கிக் கொடுத்தது அல்ல, பெரியது. மலையில் மெதுவாக ஏறச் சிறியதுதான் சரி என்று சொல்லி வாங்க வைத்தவனே மெக்கானிக் சேவியர்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன். அவன் பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் என்னுடையது அவன் காரில் இருக்கிறது. அவனுடைய பெரியதை எனக்கு மாட்டியிருக்கிறான்.

“ஏலே, பொறக்கப்போற புள்ளைக்கு ஞானஸ்நானத்துல நீதானலே ஞானத்தகப்பன்?” என்றேன்.

“ஒனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சேன்டா.”

ஞானத்தகப்பனாக வேறு யாரைக் கேட்பது என்கிறாள் மேரி. எனக்கு ஒருவர் பெயரும் வரவில்லை.