நாப்பதுல நின்னது

ஆளில்லாத வண்டியில யாருக்கும்மா ஏசின்னு நேத்து போன்ல கேட்டியே, அதுக்குப் பதில் சொல்லத்தான் உக்காந்திருக்கேன். நான் நல்லா இருக்கேன், உங்கப்பாவும் நல்லா இருக்காரு, முட்டிவலிய மட்டும் வேளா வேளைக்கு என்கிட்ட ஒப்பிச்சுக்கிட்டு இருக்காரு. நீ நல்லா இருக்கணும்டா. அதுக்குத்தான் இந்தக் கடிதமே, பாதியில மடிச்சு வைக்காம கடைசி வரைக்கும் படி. போன்லயே சொல்லியிருக்கலாம், வாய் வரல, வச்சுட்டேன். கோவிச்சுக்காத.

உன் போன்ல நீ பாத்தது சரிதான். நானும் மாமாவும் பேட்டரிக்குப் போட்ட அதே ஆப், அதே பாஸ்வேர்டு, எல்லாம் அப்படியே இருக்கு. தினமும் பதினோரு மணிக்கு ஏசி ஓட ஆரம்பிக்குது, அஞ்சு மணிக்கு நிக்குது, உள்ள ஒரு ஈ காக்கா கிடையாது. போட்டு விடறது நான். காலையில வண்டிய வெயில்ல நிறுத்தி சார்ஜ் ஏத்துவேன், பேட்டரி எழுபது சதவீதம் வந்ததும் ஷெட்டுக்குள்ள விட்டுட்டு ஏசியப் போடுவேன். பக்கத்துக் கடை டெய்லரு, "என்னக்கா, பேய்க்கெல்லாம் ஏசி போட்டுக் குடுக்கற, எனக்கு ஒரு ஃபேனாவது மாட்டி விடக்கூடாதா"ன்னாரு. சிரிச்சு வச்சேன். அவரு சொன்னதுல என்ன தப்பு.

உன் மாமா என் தம்பிங்கறதுக்காகச் சொல்லல, வண்டிக்கு வயர் இழுக்கறதுல அவன அடிச்சுக்க ஆள் இல்ல. நீ வயித்துல இருக்கேன்னு நான் காலேஜ விட்டேன், அக்காவுக்குத் துணைக்குன்னு சொல்லிக்கிட்டு அவன் விட்டான், உண்மையச் சொன்னா ரெண்டு பேருக்குமே படிப்பு ஏறல. உள்ளயே படுத்துத் தூங்கற மாதிரி இந்த வண்டிய எங்களுக்குன்னு ஆசை ஆசையாப் பண்ணினோம். கூரையில சோலார், ஓடும்போது இன்ஜின்ல இருந்து சார்ஜ், கட்டிலுக்கு அடியில லித்தியம் பேட்டரி. அஞ்சு யூனிட் பிடிக்கும், ஏசி மணிக்கு அரை யூனிட்தான் குடிக்கும், அதாவது மணிக்குப் பத்து சதவீதம். குளிர் ஒரு பொட்டு வெளிய போகக்கூடாதுன்னு ஜன்னல், மேல காத்துப் போக இருக்கற வெண்ட் எல்லாத்தையும் ஃபோம் வச்சு அடைச்சோம். அடைச்சதுல அவனுக்கு அவ்ளோ பெருமை.

பேட்டரி எவ்ளோ குறைஞ்சா ஏசிய நிறுத்தணும்ங்கறதுலதான் சண்டை வந்துச்சு. நான் ஆசிட் பேட்டரியோட மாரடிச்சே பழகினவ, அதப் பாதிக்குக் கீழ இறக்கினா சீக்கிரம் செத்துடும். லித்தியம் அப்படி இல்லக்கா, பத்து வரைக்கும் தாராளமா இறக்கலாம்னு அவன் தலையில அடிச்சுக்கிட்டான். "பேட்டரிய வேலை வாங்கறதுக்கு வாங்கினியா, அடைகாக்க வாங்கினியா"ன்னு வேற கேட்டான். பத்துன்னு வச்சுட்டு டீ குடிக்கப் போனான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள அம்பதுல இருந்து கொஞ்சம் இறங்கி வந்து நான் அத நாப்பதாக்கி சேவ் பண்ணிட்டேன். சொன்னா மறுபடியும் சண்டை போடுவான்னு சொல்லல. அவ்ளோதான்டா நான் பண்ணினது. ஒரு விரல் வேலை.

அன்னைக்கு ஏரியா பூரா கரன்ட் இல்ல. பட்டறைத் தகரத்துக்குக் கீழ நிக்க முடியல. மாமாவுக்குக் காய்ச்சல், மாத்திரை போட்டதுல கண்ணு சொக்குது, வண்டியில போய்ப் படுக்கறேன்னான். மணி பதினொண்ணு. வண்டி ஷெட்டுல நின்னதால சோலார் கிடையாது. போனப் பாத்தான், எழுபது காட்டுச்சு. "அக்கா, அஞ்சு மணி வரைக்கும் தாங்கும், அதுவரைக்கும் உன் திருவாயத் திறந்து என்ன எழுப்பிடாத"ன்னு கதவச் சாத்திக்கிட்டான். அவன் கணக்கு சரி. பத்துன்னு இருந்திருந்தா அஞ்சு மணிதான். நாப்பதுல ரெண்டு மணிக்கே நின்னுடுச்சு.

மூணு மணிக்கு வயர் நுனிய நசுக்கற கிரிம்பிங் டூல் எடுக்க நான் அந்தப் பக்கம் போனேன். கதவோரமா நின்னேன். சத்தமே இல்ல. அந்த ஏசியோட குணம் உனக்குத் தெரியும்ல, உள்ள நல்லாக் குளிர்ந்துட்டா மெதுவாயிடும், காத வச்சாலும் கேக்காது. பரவால்ல, நல்லாக் குளிர்ந்திருக்கு, பய அசந்து தூங்கறான்னு நினைச்சேன். செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நடந்தேன்டா, அவன் முழிச்சுக்கக் கூடாதுன்னு. அஞ்சு மணிக்குத்தான் கதவத் திறந்தேன். அனல் மூஞ்சியில அடிச்சுது. எழுப்பிப் பாத்தேன், அவன் எழுந்திரிக்கவே இல்ல. அவன் போன் தலைமாட்டுல கிடந்துச்சு, அதுல நாப்பதுன்னு காட்டுச்சு. இன்னும் மூணு மணி நேரத்துக்கு வேண்டிய குளிரு கட்டிலுக்கு அடியிலயே இருந்திருக்கு, அவன் முதுகுக்குக் கீழயே.

ஏசி ரிப்பேராயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், உங்கப்பாகிட்டயும், உன்கிட்டயும். அந்த ஏசிக்கு ஒரு கேடும் இல்ல. இந்த வண்டிக்கு மட்டும் பத்துன்னு மாத்தி வச்சுட்டு, ரெண்டு மணியத் தாண்டுதான்னு தினமும் பாக்கறேன். தினமும் தாண்டுது. ஒரு நாளாவது தானா நின்னு தொலையாதான்னு இருக்கு, நின்னா ஏசி மேல பழியப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம். நிக்க மாட்டேங்குது.

இப்போ உன் விஷயம். மாமா பேர்ல சேவ் ஆகியிருந்த செட்டிங்க அப்படியே உன் வண்டிக்கு எடுத்துக்கிட்டேன்னு சொன்ன. அந்த நாப்பதப் பத்தாக்குடான்னா, மாமா வச்ச நம்பர்ல கை வைக்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்ச. அது மாமா நம்பர் இல்ல கண்ணா. அது என்னோடது. நீ நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு அந்த வெயில்ல பகல் பூரா வண்டியில படுக்கப் போற. முதல்ல அத மாத்து. மாத்தினா மட்டும் போதாது, எந்த பேட்டரியும் ஒரு நேரத்துல தீரத்தான் போகுது. மேல இருக்கற வெண்ட்ட அடைக்காத, குளிரு போனாப் போகட்டும். ஒரு சின்ன ஃபேனும், உள்ள சூடு ஏறினாக் கத்தற ஒரு அலாரமும் தனி பேட்டரியில போடு, ஏசியோட சேத்துக் கட்டாத. கூட இருக்கற உன் ஃப்ரெண்டுகிட்ட சொல்லி வை, சத்தத்தக் கேட்டு முடிவு பண்ணக் கூடாது, கதவத் திறந்து பாக்கணும். தூக்கம் கெட்டா கெடட்டும்.

மாத்தினதும் பத்துன்னு தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, அது வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அப்பாகிட்ட இன்னைக்குச் சாயங்காலம் நானே சொல்லிடறேன், நீ முந்திக்காத. என்னப் பத்தி நீ என்ன வேணா நினைச்சுக்கோ, திட்டணும்னாலும் திட்டு, ஆனா நூறு வருஷம் நல்லா இரு, நல்லாத் தூங்கு, தூங்கினா நல்லபடியா முழிச்சுக்கோ.

வண்டி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துதான் எழுதறேன். மணி மூணாகப் போகுது. கொஞ்ச நேரமா ஏசி சத்தம் கேக்கல. குளிர்ந்திருக்கும், அதான், எனக்குத் தெரியும், உள்ளயும் யாரும் இல்ல. இருந்தாலும் கதவத் திறந்து பாக்கணும். போறேன்டா, இப்பவே போகணும்.

அம்மா