உங்கள் செத்த வீட்டுக்கு நான் வரவில்லை

இன்று காலை கொட்டாஞ்சேனை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், தேசிக்காய் ஒன்றை நகத்தால் கீறி மூக்கடியில் பிடித்துக்கொண்டார். வயிற்றைப் பிரட்டியிருக்க வேண்டும். அந்த எலுமிச்சை மணம் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் வாட்டில் முதல் நாள் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தபோது, அடுத்த கதிரையிலிருந்து ஒரு கை நீண்டு, இப்படிக் கீறிய தேசிக்காயை என் கைக்குள் திணித்தது. "மோந்து பாருங்க. வாந்தி வந்தா வரட்டும், வெக்கப்படாதீங்க. இங்க எல்லாரும் ஒரே கேஸ்தான்." அதுதான் நீங்கள்.

இரண்டு பேருக்கும் மார்பில்தான் வருத்தம். மருந்தும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் மொட்டைத் தலையோடு ராணி மாதிரி வருவீர்கள். நான் விக் வைத்து, அதற்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு வருவேன். உங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய் நீங்களே சொல்லி, செபம் பண்ணச் சொல்லிவிட்டீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் மேல்வீட்டுக்குக்கூட என் சங்கதி தெரியாது. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்குக் கான்சர் என்று வெளியில் தெரிந்தால் சாதகம் கேட்டவர்களே பின்வாங்கிவிடுவார்கள் என்ற பயம். ஆஸ்பத்திரி நாட்களில், "தெஹிவளையில அக்காவுக்குக் கால் ஏலாது, பாக்கப் போறன்" என்று அயலுக்குச் சொல்லிவிட்டு வருவேன். அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு! "பாவம்டி அந்த அக்கா. அவ கால் சுகமாக நீ விடவே மாட்டியா?"

இரண்டாம் முறையே 'டி' போட்டுவிட்டீர்கள். எனக்குத்தான் கடைசிவரை 'நீங்கள்' போகவில்லை. யாழ்ப்பாணத்து நாக்கு.

இந்த வருத்தம் எனக்குப் படிப்பித்தது கொஞ்சம் என்றாலும், அதுவும் உங்கள் வாயால்தான் வந்தது. மருந்து ஏற்றி அடுத்தடுத்த நாள் எலும்பெல்லாம் உளையும். இவர் பயந்துபோவார் என்று நான் சத்தம் போடாமல் படுத்திருப்பேன். "வலிச்சா கத்துடி. பல்லக் கடிக்கிறியே, பல்லு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றீர்கள். போனில் உங்களிடம் கத்தினேன். நோ குறையவில்லை. ஆனால் கேட்க ஓர் ஆள் இருந்தால் தாங்கலாம் என்று தெரிந்தது. பிறகுதான் இவரிடமும் "முதுகைக் கொஞ்சம் பிடிச்சு விடுங்கோ" என்று கேட்கப் பழகினேன். அதுவரை ஒருவரிடமும் ஒன்றும் கேட்காததைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடைச்சி.

பிறகு எனக்கு வருத்தம் மாறிவிட்டது. உங்களுக்கு ஈரலுக்குப் பரவிவிட்டது. "இனிப் பயமில்லை" என்று டொக்டர் சொன்னபோது, வெளியே வாங்கில் நீங்கள் உட்கார்ந்திருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. வாயெல்லாம் சிரிப்போடு கதவைத் திறந்தேன். உங்கள் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கை தட்டினீர்களே, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் தங்கச்சி போன் பண்ணிய மறுநாள், மாப்பிள்ளை வீட்டார் எங்களிடம் வருவதாக இருந்தது. செத்த வீட்டில் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது நின்றால்? எப்படிப் பழக்கம் என்று கேட்டால்? "உம்மட விருப்பம்" என்றார் இவர். என்னை ஒருவரும் மறிக்கவில்லை. நானாகத்தான் வரவில்லை. நீங்கள் பெட்டிக்குள் கிடந்த நேரத்தில் நான் வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் வடையை நன்றாகச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு பதிலும் இல்லை.

இன்று உங்கள் மாதப் பூசை. பூசைக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன்ல 'வெள்ளவத்தை'ன்னு மட்டும்தான் போட்டிருந்தா. உங்க பேருகூட எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். நடக்க முடியாத நாளிலும் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்வீர்களாம். உங்களுக்கு ஒரு மெழுகுதிரி, யாருக்கோ இன்னொன்று. "யாருக்குன்னு சொன்னா நானும் வேண்டிக்குவேன்ல?" என்று தங்கச்சி கேட்டால், "சொல்ல மாட்டேன். பாவம், யாருக்கும் சொல்லாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டிருக்கா" என்பீர்களாம். ஐயோ, வாயில் ஒன்றும் நிற்காத மனுஷி நீங்கள்! என் பேரை மட்டும் எப்படி அத்தனை நாள் மூடி வைத்திருந்தீர்கள்?

சாப்பிட இருந்தபோது பக்கத்தில் இருந்த வயதான அம்மா, "நீங்க யாரு புள்ள, சொந்தமா?" என்று கேட்டார். 'தெரிஞ்ச ஆள்' என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். நிறுத்திக்கொண்டு என் பேரைச் சொன்னேன். "எனக்கும் கான்சர் வந்தது. அவவும் நானும் ஒண்டா இருந்துதான் மருந்து ஏத்தினனாங்கள்" என்றேன். குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா என் பிளேட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டு, "நல்லாச் சாப்பிடுங்க, உடம்பு தேறணும்" என்றார்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதும் அதைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால், அதே வீட்டில், உங்கள் தலைமாட்டில் நின்று சொல்லியிருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும்.